மலையில் அறுந்த பெல்ட்டுகள்

யோகன் அண்ணை கடைக்குள் வந்ததும் முதுகுப்பையைத் திறந்து, அறுந்த பெல்ட்டுகள் மூன்றை என் வேலைமேசையில் போட்டார். ஸ்கூட்டர் பெல்ட்டைவிட அகலமானவை. கருகிய ரப்பர் மணம் கடை முழுக்கப் பரவியது.

"பிள்ளை, நீ இந்த வேலைதான் படிச்சனி எண்டு உன்ர அப்பா சொன்னவர். இதைப் பாத்துச் சொல்லு, ஏன் திருப்பித் திருப்பி அறுகுது?"

நான் பாரிசின் லா சப்பலில் ஸ்கூட்டர் திருத்தும் கடையொன்றில் மெக்கானிக். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான்தான். பக் ப்ரோ என்னும் தொழிற்கல்விச் சான்றிதழைச் சட்டம் போட்டு மேசைக்கு மேலேயே மாட்டியிருக்கிறேன். புறநகரான பியர்ஃபித்தில் இருக்கும் அப்பாவுக்கு அதை வாசிக்கத் தெரியாது. ஆனால் கைபேசியில் படம் எடுத்து வைத்துக் காண்பவருக்கெல்லாம் காட்டுவார். அப்படிக் காட்டப்பட்டவர்களில் ஒருவர்தான் யோகன் அண்ணை.

அவரும் மனைவி வதனி அக்காவும் குளிர்காலத்தில் அல்ப்ஸ் மலையுச்சியில் ஓர் உணவகக் குசினியில் வேலை செய்கிறார்கள். பின்னேரம் கம்பியில் ஓடும் லிஃப்ட் நின்ற பிறகு கீழே வருவதற்கு மோட்டோநேஜ்தான் வாகனம். பனியில் ஓடும் மோட்டார் வண்டி அது. முன்னால் இரண்டு சறுக்குக்கட்டை, பின்னால் சக்கரத்துக்குப் பதிலாக அகலமான ரப்பர்ப் பட்டி. அண்ணைதான் ஓட்டுவார். அன்று கார்த் என்னும் வதிவிட அட்டைக்காக, பிரெபெக்சர் அலுவலகம் போகப் பாரிசுக்கு வந்திருந்தார்.

"இறங்கிற வழியிலை ஒரு ஏத்தம் இருக்கு. பக்கத்திலை பள்ளம். கடைசிப் பெல்ட் அதிலைதான் அறுந்தது. எஞ்சின் கத்துது, வண்டி பின்பக்கமா வழுக்குது. வதனி குளறினது இப்பவும் காதுக்கை நிக்குது."

பத்ரோன், அதாவது கடை முதலாளி, எட்டிப் பார்த்தார். "நாங்கள் ஸ்கூட்டர் கடை. மலையில் யாருக்காவது ஏதும் நடந்தால் உன் பெயரைத்தான் சொல்வார்கள்" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு உள்ளே போனார். ஆனாலும் பெல்ட்டைக் கையில் எடுத்துவிட்டேன்.

பெல்ட் சொன்னது

நான் அதுவரை மோட்டோநேஜைத் தொட்டதே இல்லை. ஆனால் ஸ்கூட்டரில் உள்ள அதே வாரியேட்டர்தான் அதிலும் இருக்கிறது. இரண்டு கப்பிகள், அவற்றை இணைத்து எஞ்சினின் விசையைப் பின்பட்டிக்குக் கொண்டுபோகும் ஒரு பெல்ட். கப்பிகள் நேராக இல்லாவிட்டால் பெல்ட் ஒரு பக்கம் மட்டும் தேயும். எண்ணெய் பட்டிருந்தால் மணமே காட்டிக் கொடுக்கும். இவற்றில் அந்த இரண்டு அடையாளமும் இல்லை.

"இதிலை எது முதல் அறுந்தது?"

அவர் காட்டியதில் முழுக்க வெடிப்பு. வயது போய்ச் செத்த பெல்ட். மற்ற இரண்டும் புதியவை. இரண்டிலும் ஒரே ஓர் இடத்தில் மட்டும், ஏதோ கடித்ததுபோல ரப்பர் கருகி ஒடுங்கியிருந்தது. எஞ்சின் சுழல, பெல்ட் நகர முடியாமல் நின்றால்தான் கப்பி இப்படி ஒரே இடத்தை அரைக்கும். பின்னால் எதுவோ பட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"பிரேக் இறுகி நிக்குதோ?"

"கீழை இருக்கிற மெக்கானிக் தன்ர கராஜுக்குக் கொண்டுபோய் ரெண்டு தரம் பாத்திட்டான். எல்லாம் வடிவா இருக்காம். 'பாரிஸ்காரனுக்கு ஓடத் தெரியாது' எண்டு சிரிக்கிறான். இன்னொண்டு அறுந்தா முதலாளி என்னை நிப்பாட்டிப்போடுவார். வேலை இல்லாட்டிக் கார்த் புதுப்பிக்கேலாது, தங்கச்சி."

"அப்ப இண்டைக்கு ஆர் ஓடுறது?"

"செஃப். வதனியும் அவரோடைதான் வருவா."

அந்த வண்டியில் அப்போது இருந்தது நான்காவது பெல்ட்.

"வண்டியைக் கிளப்பேக்கை ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ அக்காவை. கெதியா."

வீடியோ

வீடியோ வந்தபோது வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. குசினியின் பின்கதவு, பனி, வண்டியில் ஏறி உட்கார்ந்திருக்கும் செஃப். எஞ்சின் அலறியது. வண்டியின் அடியிலிருந்து வெள்ளையாக ஏதோ கிளம்பிக்கொண்டிருந்தது.

"அண்ணை, என்ன புகை இது?"

"புகை இல்லை, ஆவி. பாஸ்தா அவிச்ச சுடுதண்ணி. பட்டிக்கு ஊத்துறனாங்கள்."

"எப்ப துவக்கம்?"

"முதல் பெல்ட் அறுந்த பிறகு நான்தான் தொடங்கினனான். ஐஸ் பிடிச்சு நிண்டதாலைதான் அறுந்ததெண்டு நினைச்சன். பயம்தானே. கொதிக்கக் கொதிக்க ஊத்தினா ஐஸ் கழண்டிடும்."

"மெக்கானிக்கிட்டைச் சொன்னனீங்களே?"

"இதிலை என்ன சொல்லக்கிடக்கு? தண்ணிதானே."

வெளியே தெரியும் ஐஸ் கரையும். ஆனால் அந்தத் தண்ணீர் பட்டிக்குள் இருக்கும் சிறு சக்கரங்களுக்கு நடுவே இறங்கி, அந்தக் குளிரில் உடனே மறுபடி உறையும். பட்டி உள்ளிருந்து பூட்டிக்கொள்ளும். எஞ்சின் அதை இழுத்துப் பிடுங்கும்போது பெல்ட் கருகும். கருகிய பெல்ட் ஏற்றத்தில் கைவிடும். சூடான கராஜுக்குப் போனால் ஐஸ் உருகிவிடும், எந்தப் பழுதும் இருக்காது.

"அக்காவுக்கு எடுங்கோ. ஏற வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

எடுத்தார். தொடர்பு கிடைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் ஒற்றைச் சரி அடையாளத்தோடு செய்தி நின்றது. உணவகத்துக்கு அடித்தார், எடுப்பாரில்லை. வெளியே மேம்பாலத்தில் மெத்ரோ ரயில் போகும்போதெல்லாம் கதவுக் கண்ணாடி அதிர்ந்தது. ஒவ்வொரு அதிர்வுக்கும் அவர் கைபேசியைப் பார்த்தார். எனக்கு அந்தப் பள்ளம்தான் கண்ணுக்குள் நின்றது. என் கணிப்பு பிழையாக இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அந்த ஒரு தரம்தான்.

ஒரு மணித்தியாலம் கழித்துக் கைபேசி ஒலித்தது. நான்தான் எட்டி ஸ்பீக்கரை அழுத்தினேன்.

"இஞ்சரப்பா, நான் கீழை வந்திட்டன்" என்றது வதனி அக்காவின் குரல். மூச்சு வாங்கியது. "நடந்துதான் வந்தனான். வீடியோ எடுக்கேக்கை எஞ்சின் கத்துது, பட்டி அசையேல்லை. எனக்கு நெஞ்சு பதறிப்போச்சு. நீ போ, நான் நடக்கிறன் எண்டு செஃப்பிட்டைச் சொல்லிட்டன். சிரிச்சவர்."

"பிறகு?"

"பிறகென்ன, ஏத்தத்திலை அறுந்து பின்னாலை போய்ப் பனிமேட்டிலை குத்தி நிண்டது. நான் போகேக்கை ஆள் பக்கத்திலை இருக்கிறார். காயம் ஒண்டுமில்லை. சிரிப்புத்தான் நிண்டிட்டுது."

அண்ணை எண்ணெய் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். "பயந்தாங்கொள்ளி எண்டு அவவை நான் எவ்வளவு பேசியிருப்பன்" என்றார்.

கேட்க வேண்டிய கேள்வி

உணவக முதலாளியோடு நானே பிரெஞ்சில் பேசினேன். சுடுதண்ணீரை நிறுத்தச் சொன்னேன். வண்டியைப் பனியில் விடாமல் மரக்கட்டைகள்மேல் ஏற்றி நிறுத்தி, பட்டிக்குள் இருக்கும் பனியை நன்றாகத் தட்டிவிடச் சொன்னேன். அண்ணையின் வேலை போகவில்லை. பெல்ட்டும் பிறகு அறுந்ததில்லை. ஆனாலும் பட்டி அசைவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வதனி அக்கா இன்றும் ஏறுவாராம்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். முதல் பழுதுக்கு ஒரு காரணம் இருக்கும். அதே பழுது திரும்பத் திரும்ப வந்தால், முதல் பழுதுக்குப் பயந்து மனிதர் செய்யத் தொடங்கிய ஏதோ ஒன்று அதற்குள் இருக்கக்கூடும். அவர்கள் அதை ஒளிப்பதில்லை. மருந்து என்று நம்புவதால் சொல்லத் தோன்றுவதில்லை.

இப்போது ஸ்கூட்டர் கொண்டுவருகிறவர்களிடமும் கேட்கிறேன்: "முதல் தரம் பழுதான பிறகு, பயத்திலை புதுசா என்ன செய்யத் தொடங்கினீங்கள்?"

"ஒண்டுமில்லை" என்பார்கள். நான் திருகுசாவியைக் கையில் எடுக்காமல் காத்திருப்பேன்.

கொஞ்ச நேரத்தில், "அது பெரிய விசயமில்லை, ஆனா..." என்று தொடங்குவார்கள். அதற்குப் பிறகுதான் நான் வண்டியைத் திறப்பேன்.