எனக்குக் கிடைத்த இடம்

எம்.எஸ்சி. இயற்பியல் படித்த நானும் பி.இ. படித்த என் கணவரும் ஒரே கல்லூரியின் எம்.டெக். நுழைவுத் தேர்வை எழுதினோம். அந்தக் கல்லூரியில் எம்.எஸ்சி.க்காரர்களையும் சேர்த்துக்கொள்வார்கள் என்று கண்டுபிடித்து, என்னை எழுதச் சொன்னவரே அவர்தான். மும்பையில், ஐரோலியில் வேலை முடிந்து செம்பூர் வீட்டுக்கு வந்ததும், தன் புத்தகத்தைத் திறக்காமல் எனக்கு சர்க்யூட் பாடம் சொல்லிக்கொடுப்பார்.

"நீங்க படிங்க" என்றால், "எனக்குத் தெரிஞ்சதுதான, ஒனக்குத்தான் புதுசு" என்பார்.

முடிவு வந்தது. எனக்கு இடம் கிடைத்திருந்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. போனில் தன் எண்ணை மறுபடியும் தேடிப் பார்த்தார். பிறகு, "ஏளா, ஒனக்குக் கெடச்சிட்டுல்லா!" என்று சிரித்துக்கொண்டே போய், பக்கத்து வீட்டுக்கெல்லாம் பேடா வாங்கிக் கொடுத்தார்.

"நான் போகலைங்க" என்றேன்.

"நீ விட்டா அந்த சீட்ட எனக்கா குடுக்கப் போறான்? போயிப் படி."

போனேன். முதல் வாரமே, பேராசிரியர் கொடுத்த சர்க்யூட் கணக்கை வகுப்பில் நான்தான் முதலில் போட்டேன். "இயற்பியல் படித்துவிட்டு எப்படி?" என்று அவர் வியந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அப்படி இருந்ததுதான் ரயிலில் வரும்போது உறுத்தியது.

"இன்னைக்கு என்ன நடத்துனாங்க?" என்று வீட்டில் கணவர் ஆவலாகக் கேட்டார்.

"பெருசா ஒண்ணுமில்லங்க" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டேன்.

அடுத்த வருஷத் தேர்வை அவரை எழுதச் சொன்னேன். "பாப்போம்" என்றார். விண்ணப்பிக்கக் கடைசித் தேதி கடந்துபோனதைப் பற்றி நாங்கள் இருவருமே பேசிக்கொள்ளவில்லை.