விருத்தாசலம் ஜங்ஷனில் எடுக்காமல் வந்த படம்

அடுத்த வாரம் புதுச்சேரியில் அம்மாவுக்கு இருதய ஆபரேஷன். தங்கை செல்விக்கு லீவு கிடைக்குமா என்று இன்னும் தெரியவில்லை. செல்வி சரக்கு ரயிலில் உதவி ஓட்டுநர். வேலையில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவள் இன்ஜினில் ஏறிய நாளிலிருந்து அம்மாவுக்குச் சரியான தூக்கம் கிடையாது. "ஆபரேஷனுக்கு முன்னாடி, அவ இன்ஜின்ல உக்காந்திருக்கிறத ஒரு படம் எடுத்துக் காட்டுடா" என்று கேட்டார். பத்து வருஷமாக ரயில்களைப் படமெடுத்து இந்த வலைப்பூவில் போட்டுக்கொண்டிருக்கிறேன். இதைக்கூடச் செய்யாவிட்டால் எனக்கு எதற்குக் கேமரா?

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் டியூட்டிக்குக் கிளம்பும்போது செல்வி போன் செய்தாள். விருத்தாசலத்தில் நிற்காமல் போகும் வண்டியாம். "சரக்கு வண்டிக்கு ஏதுண்ணா டைம், காத்துக்கிட்டு இரு. ஆனா எம் பேரை மட்டும் சொல்லிடாத. புதுசா சேந்தவ நான். வூட்டு ஆளுங்கள வரவச்சு வேடிக்கை காட்டுறதா பேசுவாங்க." சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

எங்கள் வேப்பூரிலிருந்து விருத்தாசலம் இருபது கிலோமீட்டர் சொச்சம். காலை ஆறரை மணி பஸ். பஸ் நிலையத்திலிருந்து ஜங்ஷனுக்கு ஆட்டோ அறுபது ரூபாய். பீங்கான் சாமான் பட்டறைகளுக்குப் பேர்போன ஊர் அது. டிரைவர் கேமராப் பையைப் பார்த்துவிட்டு, "செராமிக் சாமான் படம் எடுக்கவா சார்? நல்ல யூனிட்டா பாத்து வுடட்டுமா?" என்றார்.

"இல்லைங்க, ரயிலை எடுக்கணும்."

"ரயிலையா?" கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியை விரட்டினார்.

பிளாட்பாரம் டிக்கெட் பத்து ரூபாய். வழக்கமாக முதல் வேலையாக நிலைய அதிகாரியைப் பார்த்து அனுமதி கேட்பேன். அன்று கேட்கவில்லை. எந்த வண்டி, ஏன் அந்த வண்டி என்று பேச்சு வளர்ந்தால் செல்வி பெயர் வந்துவிடுமோ என்று பயம். நடைமேடையின் கோடியில், வெயில் முதுகில் விழும்படி நின்றேன். ஒன்பதரைக்குத் தூரத்தில் இன்ஜின் விளக்குத் தெரிந்தது. கேமராவைத் தூக்கினேன்.

"சார், பர்மிஷன் இருக்குதுங்களா?" ரயில்வே போலீஸ்காரர்.

"பிளாட்பாரம் டிக்கெட் இருக்குதுங்க."

"அது உள்ள வரதுக்குங்க. படம் எடுக்க வேற கேக்கணும். கேமராவ உள்ள வைங்க." குரலில் கடுமை இல்லை. "இங்க யாராச்சும் தெரிஞ்சவங்க இருக்காங்களா?"

நம் ஊரில் இந்தக் கேள்விக்கு ஒரு பெயர் சொன்னால் பாதிக் கதவு திறந்துவிடும். நான் சொல்லக்கூடிய ஒரே பெயரோ இன்ஜினில் வந்துகொண்டிருந்தது.

"யாரையும் தெரியாதுங்க" என்று கேமராவைப் பையில் வைத்தேன்.

நிற்காமல் போகும் வண்டிக்கு நிலையத்தில் ஒருவர் பச்சைக்கொடி காட்டுவார். இன்ஜினில் இருப்பவர்கள் அவரைப் பார்த்துப் பதிலுக்குக் காட்டவேண்டும். வண்டி நெருங்கியபோது செல்வி ஜன்னலில் இருந்தாள். கை நீட்டிக் கொடி பிடித்திருந்தாள். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் நின்றேன். அவள் கண் என் பக்கம் வரவே இல்லை.

"பொம்பளப் புள்ள வருது பாத்தீங்களா சார்?" என்றார் போலீஸ்காரர், சொந்தப் பெண்ணைச் சொல்வதுபோல.

"பாத்தேங்க."

போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: டிக்கெட் எடுத்துவிட்டால் படம் எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். அடையாள அட்டையோடு போய் நிலைய அதிகாரியிடம் கேளுங்கள். ஃபிளாஷ், ஸ்டாண்டு வேண்டாம். மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள். நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுங்கள், வாக்குவாதம் வேண்டாம். அந்தப் போலீஸ்காரர் மேல் எனக்கு வருத்தமில்லை. கேட்காமல் போனது நான்தான்.

வெறுங்கையோடு வீடு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவ உன்னப் பாத்தாளா?"

"இல்லம்மா. கொடிக்காரரையே பாத்துக்கிட்டுப் போயிட்டா."

"கூடப் பொறந்தவன் நிக்கிறதுகூடத் தெரியாம வேலையில கண்ணா இருக்குறாளா? அப்ப எனக்கு பயமில்ல" என்று அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். சற்று நேரத்தில் குறட்டைச் சத்தம் கேட்டது.