ஆறாம் வகுப்புக்கு இரண்டு பள்ளிக்கூடம்

செல்வியைப் பயந்தாங்கொள்ளி என்று யாரும் சொல்ல முடியாது. ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நகரிக்குப் பக்கத்தில் ஒரு நெசவுக் கிராமம் அவளுடையது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே பவர்லூம் ஷெட்டில் தறி ஓட்டுகிறாள். முதலாளியையே எதிர்த்துப் பேசுவாள். ஆனால் மகள் யாமினி ஐந்தாவது முடிக்கப்போன அந்தப் பங்குனியில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆறாவதுக்கு எந்தப் பள்ளி என்று முடிவு செய்ய வேண்டும். தப்பாகப் போனால் பிள்ளையின் வாழ்க்கையே போச்சு என்று உள்ளுக்குள் நடுங்கினாள்.

இரண்டும் சர்க்கார் பள்ளிதான். தெருக்கோடியில் இருப்பது தமிழ் மீடியம், எட்டாவது வரை. சென்னை ரோட்டைத் தாண்டி இருப்பது பெரிய பள்ளி. அங்கே புத்தகம் இங்கிலீஷில், விளக்கம் தெலுங்கில். கணவன் சுரேஷ்பாபு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் பெட்டி ஏற்றும் வேலைக்குப் போகிறவன். தமிழ் மீடியத்தில் படித்ததால்தான் தான் பெட்டி ஏற்றுவதாக அவன் கணக்கு. பெரிய பள்ளிதான் என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டுப் படுத்துத் தூங்கிவிட்டான். தூக்கம் வருகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

செல்வி இரண்டையும் நேரில் பார்க்கக் கிளம்பினாள். அவள் பார்ப்பதே வேறு மாதிரி. ஷெட்டில் தறிச் சத்தத்துக்கு நடுவே யார் பேசுவதும் காதில் விழாது; உதட்டசைவை வைத்தே ஊர்வம்பு முழுக்கப் பேசி முடிப்பார்கள். அந்தச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அவள் காதையும் தின்றுவிட்டது. வெளியிலும் இப்போது உதட்டைப் பார்த்தால்தான் பாதியாவது புரியும். இது வீட்டில் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தாள்.

தமிழ்ப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புக்கும் ஒரே அறை. ஜன்னலில் நின்று பார்த்தாள். பிள்ளைகள் டீச்சரை மடக்கி மடக்கிக் கேள்வி கேட்டார்கள். அவளுக்கு மனசு குளிர்ந்தது. டீச்சர் ரோஹிணி வெளியே வந்து உள்ளதைச் சொன்னார். கணக்கு சார் மாற்றலாகிப் போன இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை, தெரிந்தவரை தானே சொல்லித் தருவதாகச் சொன்னார். குளிர்ந்த மனசு மறுபடி கொதித்தது.

பெரிய பள்ளியில் பாடத்துக்கு ஒரு சார் இருந்தார். கக்கூஸில் தண்ணீர் வந்தது, கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது. பெண்ணைப் பெற்றவள் அதைப் போட்டுப் பார்க்காமல் வருவாளா? போட்டுப் பார்த்தாள். பிறகு ஆறாம் வகுப்பு ஜன்னலுக்கு வந்தாள். பிள்ளைகள் ஒரே குரலில் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். எல்லா உதடும் சேர்ந்து அசைய, அவள் தெருப் பெண் பிரித்திகாவின் உதடு மட்டும் சேராமல் சும்மா திறந்து மூடியது. சாருக்கு அது தெரியவில்லை. செல்விக்குத் தெரிந்தது. தன் பிள்ளையும் இப்படித்தான் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு ஊமையாக உட்கார்ந்திருக்குமோ?

சாயங்காலம் யாமினியிடமே கேட்டாள். தெருக்கோடிப் பள்ளியே போதும் என்றது பிள்ளை.

"தெலுங்குன்னா பயமா கீதா உனக்கு?"

யாமினி எதிரே வந்து, முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி நின்று, நிதானமாகச் சொன்னாள்: "எனக்கு இன்னா பயம்? நீ என் வாயப் பாத்துத்தானே புரிஞ்சிக்கற. நான் தெலுங்கே பேசிக்கினு இருந்தா தமிழு மறந்துடும். அப்புறம் நீ இன்னா பண்ணுவ?"

செல்விக்கு அழுகை முட்டியது. தன் காதுக்காக இந்தப் பிள்ளை கணக்குப் பாடத்தையே விட்டுக்கொடுக்கப் பார்க்கிறதே. அதுவரை பட்ட பயமெல்லாம் ஒன்றுமில்லை என்று தோன்றியது.

"நீ பெரிய ஸ்கூலுக்குத்தான் போற," என்றாள். "வாய மட்டும் அசைக்காத. தப்பா இருந்தாலும் சத்தமா சொல்லு."

ஜூனில் பள்ளி திறந்த அன்று ஷெட்டுக்குப் போகாமல் அந்த ஜன்னலில் போய் நின்றாள். சார் யாமினியைத் தனியாக எழுப்பிப் படிக்கச் சொன்னார். உதடு அசைந்தது. என்ன மொழி என்று தெரியவில்லை. குரல் வருகிறதா என்றும் தெரியவில்லை. சத்துணவு சமைக்கும் ஜெயம்மா அந்தப் பக்கம் வர, செல்வி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அந்த நிக்கிற பொண்ணு... சத்தம் வருதா?"

ஜெயம்மா காது கொடுத்துக் கேட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினாள்.

"வருதும்மா. நடுங்குது, ஆனா வருது."