சந்தனம் வைத்த பேஸ்

நைட் ஷிப்ட் முடித்து வருகிறவனிடம் யாரும் எதையும் கேட்கக்கூடாது என்று ஒரு சட்டம் போட்டிருந்தால் நான் நன்றாகத் தூங்கியிருப்பேன். எழுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். காலையில் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடுவதற்குள் மச்சான் வாசலுக்கு வந்துவிடுவான். என் மனைவியின் தம்பி, எங்களோடுதான் இருந்தான். பகலில் லாரி ஷெட்டில் வேலை, முகூர்த்த நாட்களில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் என்கிற கனத்த குரல் தந்தி வாத்தியம் வாசிப்பான்.

அந்த பேஸை அவனே செய்திருந்தான். மெஷின் வந்திறங்கிய மரப்பெட்டிகளின் பலகைகளை ஒட்டி, ஆள் உயரத்துக்கு நிறுத்தி வாசிக்கிற மாதிரி. வாங்குகிற பேஸுக்கு வயிறு இருக்கும். இதற்கு இல்லை, வெறும் கட்டை. தந்திக்கு சைக்கிள் பிரேக் கம்பி. பஸ்ஸின் கூரையில் ஏற்றும்போதெல்லாம் கண்டக்டர், “இன்னா நைனா, இதுக்கு லக்கேஜா, ஆள் டிக்கெட்டா?” என்பார். வயிறு இல்லாததால் சத்தமும் இல்லை. முன்னால் மைக் வைத்தால் பக்கத்தில் நிற்கிற பாடகரின் இருமல்தான் கேட்டது.

குழுவின் மாஸ்டர் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் சொல்லிவிட்டார். ஊத்துக்கோட்டைக் கல்யாணத்தில் பேஸ் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த கச்சேரிக்கு கிட்டார்காரனைக் கூப்பிட்டுக்கொள்வார். மச்சானுக்கு அந்தக் குழுவை விட்டால் வேறு உலகம் கிடையாது. ஷெட்டில் கிரீஸ் துடைக்கும்போதுகூட அவன் விரல்கள் தாளம் போட்டுக்கொண்டிருக்கும்.

“மாமா, உள்ள எதுனா வெச்சி சவுண்டு ஏத்திக் குடு மாமா” என்றான்.

எனக்குக் கண் எரிந்துகொண்டிருந்தது. சரி என்று சொன்னால்தான் படுக்க விடுவான் என்று சரி என்றேன்.

மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய ரிக்கார்டு பிளேயரின் பிக்கப், அதாவது முள் பொருத்திய தலைப்பகுதி, கிடைத்தது. உள்ளே இருக்கும் கிரிஸ்டல், சாதாரண உப்புக்கல் மாதிரிதான். அதிர்ந்தால் கரண்ட் கொடுக்கும், ஈரம் பட்டால் கரைந்துபோகும். தந்திகளைத் தாங்குகிற குதிரைக்கட்டையில் உளியால் பள்ளம் தோண்டி அதைச் செருகினேன். மேலே மெழுகு பூசினேன். அதிர்வு இறங்கட்டும் என்று அடிப்பக்கத்தை மட்டும் சும்மா விட்டேன். அதிலிருந்து வருகிற கரண்ட் ஒரு கொசுவுக்குக்கூடப் போதாது. அதைத் தூக்கிவிட ஒரு டிரான்சிஸ்டர், நாலைந்து சில்லறைச் சாமான்கள், ஒரு பேட்டரி. எல்லாவற்றையும் ஒரு பவுடர் டப்பாவுக்குள் அடக்கி, கட்டையின் முதுகைக் குடைந்து உள்ளே வைத்தேன். வெளியே ஒரு சுவிட்ச். பற்றவைக்கும்போது இரண்டு முறை தூங்கிவிழுந்து விரலைச் சுட்டுக்கொண்டேன். அந்த வேலையில் எனக்கு எந்தச் சந்தோஷமும் இல்லை, பொய் சொல்லக்கூடாது.

ஆனால் ஒயரை எங்கள் வால்வு ரேடியோவின் பின்னால் செருகி, சுவிட்சை மேலே தள்ளி, அவன் முதல் தந்தியை இழுத்தபோது அலமாரி டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. தரை வழியாக என் கால் வரைக்கும் வந்தது. மச்சான் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான். “இது நானா மாமா?” என்றான்.

கல்யாணத்தன்று காலை நான் ஷிப்ட் முடிந்து வந்து படுத்துவிட்டேன். சாயங்காலம் அவனோடு போனேன். மேடையில் ஒயரை மாட்டினால் சத்தமே இல்லை. பேட்டரியை நாக்கில் வைத்தேன், சுரீர் என்றது. உள் ஒயரைத் தொட்டால் ஸ்பீக்கர் உறுமியது. அப்படியானால் கிரிஸ்டல்தான். குதிரைக்கட்டையைக் குனிந்து பார்த்தேன். அதன் நெற்றியில் சந்தனம், குங்குமம். அடியில் விரல் விட்டால் சொதசொத என்று ஈரம். நான் தூங்கிய நேரத்தில் என் மனைவி அதைத் தண்ணீர் தெளித்துத் துடைத்துப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டியிருக்கிறாள். பிறகு வீட்டுக்கு வந்து அவளிடம் கத்தினேன். “புதுசா மேடை ஏர்ற சாமான். பொட்டு வெக்காம எப்டி அனுப்புவேன்?” என்றாள்.

“மூடு மாமா. மாஸ்டர் பாக்கறாரு” என்றான் மேடையில் மச்சான்.

சந்தனப் பொட்டோடு அந்தக் கட்டையை நிறுத்தி முழுக் கச்சேரியும் வாசித்தான். விரல் ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லை, எனக்குத் தெரியும். கேட்கத்தான் ஒன்றும் இல்லை. கூட்டத்தில் உட்கார்ந்து, இதோடு முடிந்தது இவன் கதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் மாஸ்டர் வந்து அவன் தோளைத் தட்டினார். “இன்னிக்கித்தாம்பா பேஸு கும்முனு கேட்டுச்சி. கரண்ட்டு போட்டா போட்டதுதான். இனிமே நீதான், வேற ஆளே கிடையாது.”

மச்சான் கும்பிட்டான். திரும்பும் பஸ்ஸில் மெதுவாகக் கேட்டான்: “அப்ப இத்தினி நாளா அவுரு இன்னாதான் கேட்டுக்கினு இருந்தாரு மாமா?”

அவன் அழவில்லை. நான்தான் பஸ் டிக்கெட்டைச் சுக்கலாகக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

வேறு கிரிஸ்டல் வாங்கி, இந்த முறை சுற்றிலும் மெழுகு ஊற்றி வைத்துக் கொடுத்தேன். அடுத்த கச்சேரியில் மேடைக்குப் பின்னால் போய் நின்று பார்த்தேன். ஒயர் மாட்டியிருந்தது. சுவிட்சைக் கீழே தள்ளி அணைத்து வைத்திருந்தான். மாஸ்டர் அன்றும் தோளைத் தட்டினார்.

வீட்டில் ரேடியோவில் செருகும்போது மட்டும் சுவிட்சை மேலே தள்ளுவான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நைட் ஷிப்ட் தூக்கத்தில் நான் கிடக்கும்போதுதான் பெரும்பாலும் அது நடக்கும். டம்ளர்கள் அதிரும், பாயும் அதிரும். தூக்கத்துக்கு நான் செத்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. நிறுத்து என்று ஒரு நாளும் சொன்னதில்லை.