மண்டபத்தூர் மாடியறைத் தலையணை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அடுத்தவர் வீட்டுப் பரணில் முடிச்சுப் போட்டு வைத்திருந்த பையை அவிழ்த்தவன் நான்தான். கேட்டுவிட்டு அவிழ்த்திருக்கலாம். கேட்கவில்லை. எனக்கு இரண்டு தலையணை இல்லாவிட்டால் தூக்கம் வராது. கொடுத்தது ஒன்று. பரணில் பிளாஸ்டிக் பைக்குள் இன்னொன்று தெரிந்தது. 'பெயர் ஒட்டாத பாட்டிலைத் திறக்காதே' என்று பிள்ளைகளிடம் இருபது வருடமாகத் தொண்டை கிழியக் கத்துகிற வேதியியல் வாத்தியார், ஸ்டூலைப் போட்டு ஏறி, பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தார். என் மனைவி என்னைத் தனிம வரிசை அட்டவணையின் கடைசித் தொகுதியில், மந்த வாயுக்களோடு உட்கார வைப்பதில் நியாயம் இருக்கிறது.

இது நடந்தது மூன்று வருடத்துக்கு முன்னால், பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரம் ஆனபோது. காரைக்காலில் ஒரு பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். மனைவியும் பிள்ளைகளும் மயிலாடுதுறையில். மண்டபத்தூரில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, எனக்கு ஒரு மாடியறை கிடைத்தது. கீழே வீட்டுக்காரம்மா இருந்தார். நாற்பது வயதிருக்கும். கணவர் படகில் போனால் திரும்ப நாலைந்து நாள் ஆகும். இந்த அம்மா தினமும் காரைக்கால் மார்க்கெட்டில் மீன் விற்பவராம். ஆனால் அந்த மாதம் வியாபாரத்துக்கே போகவில்லை. இடுப்பில் எந்நேரமும் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை ஒன்று இருந்தது. அவருடைய தங்கை மகள்.

தங்கையும் அந்த வீட்டில்தான் இருந்தார். பின்பக்கம் தனி அறை. அவருக்கு ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு வாளி, எல்லாமே தனி. சோற்றை அக்கா வாசலில் வைத்துவிட்டு நகர்வார். இவர் எடுத்துக்கொண்டு உள்ளே போவார். பேசினாலும் பத்தடி தள்ளி நின்றுதான் பேசுவார். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஒரு நாள் மாடிப்படியிலிருந்து நான் பார்த்தது வேறு. குழந்தை எப்படியோ இறங்கி, "ம்மா" என்று கையை விரித்துக்கொண்டு தத்தித் தத்தி அவரிடம் ஓடியது. அந்தப் பெண் ஓர் அடி பின்னால் வைத்தார். அப்புறம் இன்னோர் அடி. முகம் வெளுத்திருந்தது. அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். குழந்தை மூடிய கதவை உள்ளங்கையால் தட்டியது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்தும் யாரோ அதே இடத்தில் மெதுவாகத் தட்டினார்கள்.

நல்ல வெயில். காலை பதினொரு மணி. இருந்தும் மாடிக்குப் போய் விளக்கைப் போட்டுக்கொண்டேன். பெற்ற பிள்ளையைக் கண்டு பயந்து ஓடுகிற தாயை அதுவரை நான் பார்த்ததில்லை.

அந்த வாரம்தான் எனக்குப் பார்சல் வந்தது. அறிவியல் கண்காட்சிக்காக நான் வரவழைத்த கதிரியக்கமானி. செல்போன் அளவுதான் இருக்கும். கதிர் ஒன்று உள்ளே புகுந்தால் 'டிக்' என்று சொல்லும். எங்கே வைத்தாலும் நிமிடத்துக்கு ஒரு இருபது டிக் கேட்கும். மண், செங்கல், வானம் என்று எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் வருவதுதான் அது. அறைக்குள் நடந்தபடி ரசித்துக்கொண்டிருந்தேன். கட்டில் பக்கம் போனதும் டிக் டிக் நெருக்கமானது. தலைமாட்டில் வைத்தேன். எண்ணெய்ச் சட்டியில் கடுகு போட்டதுபோல் வெடித்தது. நிமிடத்துக்கு நூற்று நாற்பது.

என் தலையணையைத் தூக்கி ஓரம் வைத்தேன். சத்தம் குறையவில்லை. பரணிலிருந்து எடுத்த தலையணையைத் தூக்கினேன். சத்தமும் அதோடு கூடவே வந்தது.

பழைய இலவம்பஞ்சுத் தலையணை. வெறும் பஞ்சும் துணியும். ஐந்து இரவு அதன்மேல் கன்னம் வைத்துத் தூங்கியிருக்கிறேன். மனைவிக்குப் போன் போட்டு, "தலையணைக்குள்ள ஏதோ டிக் டிக்குங்குது" என்றேன். "காலியா இருக்கற எடத்துல தலைய வச்சா சத்தம் கேக்கத்தான் செய்யும்" என்று வைத்துவிட்டார்.

சிரித்தேன். ஆனால் அன்று வெளியே வராந்தாவில்தான் படுத்தேன்.

மறுநாள் வீட்டுக்காரம்மாவிடம் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். "எனக்கு முன்னாடி மேல யாரும்மா இருந்தாங்க?"

குழந்தைக்கு மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்த கை நின்றது. "யாருமில்ல சார். பூட்டித்தான் கெடந்துச்சு."

அவர் பொய் சொல்கிறார் என்பது என் மெஷினுக்கே தெரியும். யாருமே படுக்காத தலையணை பேசாது.

ஒழுங்கான ஆளாக இருந்தால் அறையைக் காலி செய்திருப்பான், அல்லது நேரே விஷயத்தைக் கேட்டிருப்பான். நான் வாத்தியார் அல்லவா, கிராஃப் பேப்பர் வாங்கி வந்தேன். தலையணையைப் பையில் போட்டுப் பரணில் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, தினமும் பள்ளி விட்டு வந்ததும் ஸ்டூலில் ஏறி மெஷினை அதன்மேல் வைத்து எண்ணினேன். எங்கும் கேட்கிற அந்த இருபதைக் கழித்துவிட்டுப் புள்ளி வைத்தேன். முதல் நாள் நூற்று இருபது. பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் இறங்கியது. பரணில் எதுவோ மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருந்தது, நான் நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு நாள் கழித்து அறுபது.

எட்டு நாளில் சரிபாதி. பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். வருடா வருடம் நான் கரும்பலகையில் எழுதிப் போடுகிற கணக்குதான் அது. அரை ஆயுட்காலம் எட்டு நாள். அயோடின்-131.

சாதாரண அயோடினைவிட இதில் நான்கு நியூட்ரான் அதிகம், அவ்வளவுதான். உடம்புக்கு வித்தியாசம் தெரியாது. உப்பிலிருக்கும் அயோடினை எப்படிக் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி இழுத்துக்கொள்கிறதோ, அப்படியே இதையும் இழுத்துக்கொள்ளும். அதனால்தான் தைராய்டில் கட்டி வந்தவர்களுக்கு இதை மருந்தாகக் கொடுக்கிறார்கள். குடித்தவர் கொஞ்ச காலத்துக்குத் தானே ஒரு விளக்கு மாதிரி. வியர்வையில், எச்சிலில் அது வரும். சின்னக் குழந்தைகளைக் கிட்டவே சேர்க்கக்கூடாது என்று டாக்டர்கள் நாள் குறித்துக் கொடுப்பார்கள்.

தனித் தட்டு, தனி டம்ளர், பத்தடி தூரம், மூடிய கதவு. எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. வைத்தியம்.

அங்கேயே நிறுத்தியிருந்தால் இந்தக் கதையை எழுதவேண்டிய அவசியமே இல்லை. ஆனால் நான் கண்டுபிடித்துவிட்டேனே! அதை யாரிடமாவது சொல்லியாக வேண்டுமே! ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு கையில் கிராஃப் பேப்பர், மறுகையில் மெஷின், வாயெல்லாம் பல்லாகப் படியிறங்கினேன்.

கீழே முற்றத்தில் தங்கை நின்றிருந்தார். தலைக்குக் குளித்து, பூ வைத்திருந்தார். அக்கா குழந்தையை அவரிடம் நீட்டிக்கொண்டிருந்தார். தங்கையின் கைகள் விரிந்திருந்தன. டாக்டர் குறித்துக் கொடுத்த நாள் முந்தின நாளோடு முடிந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். மெஷின் அணைக்கப்படவில்லை.

டிக் டிக் டிக் டிக் டிக்.

அந்தச் சத்தத்தைக் கேட்டு மூவரும் என் கையைப் பார்த்தார்கள். அந்தப் பெண் ஓர் அடி நகர்ந்தார். சத்தம் குறைந்தது. மறுபடி கிட்ட வந்தார். கூடியது. யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. விரித்த கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அக்கா, புள்ளயத் தூக்கிட்டுப் போ."

கதவு சாத்தப்பட்டது. வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்த பார்வையில் நானே எட்டு நாளில் பாதியாகியிருப்பேன். "ஒவ்வொரு நாளா எண்ணி எண்ணி இருந்தா சார். ஊருல தெரிஞ்சா ஒட்டிக்கும்பாளுவோன்னு ஒருத்தருக்கும் சொல்லல. உங்களுக்கு ரூம் தர்றதா வாக்குக் குடுத்துட்டோமேன்னு அவள மாடியிலேர்ந்து கீழ கொண்டாந்தேன். நீங்க என்னடான்னா டிக்கு டிக்குங்குறீங்க."

பதறிப்போய்க் கதவருகே நின்று விளக்கினேன். "பயப்படாதீங்கம்மா. இது ரொம்பச் சின்ன அளவைக்கூடக் காட்டும். எட்டு நாளைக்கு ஒரு தடவை பாதி பாதியாக் குறைஞ்சிடும்."

உள்ளேயிருந்து கேள்வி வந்தது. "எப்ப சார் பூஜ்யம் ஆவும்?"

உலகத்தில் வேறு எந்த மனிதனாக இருந்தாலும் 'ஆயிடுச்சும்மா' என்றிருப்பான். என் வாயில் இருபது வருடப் பாடம் உட்கார்ந்திருந்தது. "கணக்குப்படி பாத்தா பூஜ்யம் ஆகவே ஆகாதும்மா. பாதியில பாதி, அதுல பாதி, அப்படியே போய்க்கிட்டே இருக்கும்."

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

நான்கு நாள் அவர் வெளியே வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டோம். "நாள் முடிஞ்சிடுச்சு, தாராளமாத் தூக்கலாம். அந்த மெஷின் வச்சிருக்கிறவரை முதல்ல அதை ஆஃப் பண்ணச் சொல்லுங்க" என்றார் டாக்டர். ஸ்பீக்கரில் போட்டுக் கதவருகே பிடித்தோம். "டாக்டரு சும்மா சொல்றாரு. சாரு மெஷின் வச்சுப் பாத்தாருல்ல" என்று பதில் வந்தது. என்னை அதுவரை யாரும் டாக்டரைவிட அதிகமாக நம்பியதில்லை.

மாடியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பேன். கீழே குழந்தை கதவைத் தட்டும். தட். தட். உள்ளேயிருந்து பதில் வரும். தட். முன்பெல்லாம் உடனே வந்த பதில், போகப் போகத் தாமதமாக வந்தது. நான்காம் நாள் குழந்தை தட்டவே இல்லை. கதவைத் தாண்டி நடந்து, பெரியம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. எனக்குத் தலையணை சத்தம் போட்டதைவிட அந்த அமைதிதான் அதிக பயமாக இருந்தது.

ஐந்தாம் நாள் காலை கதவைத் தட்டிச் சொன்னேன். "நீங்க என் மெஷினைத்தானே நம்புறீங்க? அதையே கேப்போம். கடற்கரைக்கு வாங்க."

எதற்கு என்று கேட்கவில்லை. வந்தார், இருபதடி பின்னால். முன்னால் அக்கா குழந்தையோடு, நடுவில் நான், சவ ஊர்வலத்தில் சேகண்டி அடிக்கிறவன்போல் டிக் டிக் என்று போனேன். மணலில் இழுத்து வைத்த படகுகளுக்கு அந்தப் பக்கம் ஆளில்லை. யாரும் மிதிக்காத மணலில் மெஷினை வைத்தேன். அது பேசியது. வெறும் மணல், வெறும் காற்று, தூரத்தில் அலை, நடுவில் டிக்... டிக். ஒரு நிமிடம் அவரையே எண்ணச் சொன்னேன். இருபத்தொன்று. குழந்தையின் முதுகருகே பிடித்தேன். பத்தொன்பது. அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"உங்ககிட்டேர்ந்து வந்தது இல்லம்மா. எல்லாப் புள்ளைக்கும் இருக்கும். எனக்கும் இருக்கு" என்று என் வழுக்கையில் வைத்துக் காட்டினேன். அலை ஒதுக்கிவிட்டுப் போன, இயற்கையாகவே தோரியம் கலந்த கருமணல் கீற்று ஒன்று கிடந்தது. அதில் வைத்தேன். முப்பத்தாறு.

"இதுமேலயா? நாங்க பொறந்து வளந்ததே இதுமேலதான சார்" என்றார் அக்கா. மெஷினையும் மணலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தங்கை பக்கம் திரும்பினார். "ஏண்டி, பூஜ்யம் ஆனாத்தான் தொடுவேன்னா, இந்தப் புள்ளய இந்த ஊருல எங்கடி எறக்கி விடுறது?"

தங்கை வெகுநேரம் அந்தக் கறுப்புக் கீற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் நடந்து வந்தார். கையை நீட்டினார். கொடுத்தேன். பொத்தானைத் தேடி மெஷினை அணைத்தார். என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அப்புறம் அக்காவின் இடுப்பிலிருந்து குழந்தையை வாங்கினார்.

குழந்தை சிரிக்கவில்லை. வீறிட்டு அழுதது. புது ஆளிடம் போனதுபோல் உடம்பை விறைத்துப் பெரியம்மா பக்கம் கை நீட்டியது. அவர் விடவில்லை. அழுகிற குழந்தையை அப்படியே தோளில் அழுத்திக்கொண்டு, எங்களைத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார். அந்த அழுகையில் நான்கு நாள் என் கணக்கு. அதை எந்த ஆஸ்பத்திரியும் எழுதிக் கொடுக்கவில்லை.

பிறகு எல்லாம் சரியாகிவிட்டது. இரண்டு வாரத்தில் குழந்தை அம்மாவைவிட்டு இறங்க மறுத்தது. அக்கா மறுபடி மீன் கூடையைத் தூக்கினார். இப்போதும் வகுப்பில் அந்தப் பாடம் வரும். 'எப்ப சார் பூஜ்யம் ஆகும்?' என்று யாராவது ஒரு பிள்ளை கேட்கும். உண்மையைத்தான் சொல்கிறேன். ஆனால் சொல்வதற்கு முன்னால், கேட்பவர் எதை இடுப்பில் தூக்கக் காத்திருக்கிறார் என்று ஒரு நொடி முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். அந்த ஒரு நொடியைக் கற்றுக்கொள்ள எனக்கு அந்தக் கதவு வேண்டியிருந்தது.

அடுத்த ஏப்ரலில் அறையைக் காலி செய்தேன். பெட்டியோடு கீழே வந்தபோது தங்கை கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார், இடுப்பில் குழந்தை. பத்து மாதமாகத் தொண்டையில் நின்றதை ஒருவழியாகச் சொன்னேன். "அன்னைக்குத் தெரியாமப் பண்ணிட்டேம்மா. மனசுல வச்சுக்காதீங்க."

அவர் துணியை உதறிக் கொடியில் போட்டார்.

"தெரிஞ்சதாலதான சார் பண்ணுனீங்க."