லாந்தர் தாத்தாவும் கத்தி ராணியும்

எங்கள் ஊர் பால் சொசைட்டிச் சுவரில் வண்டி வரும் நேரம் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. எழுதிய பெயின்டர் தமாஷான ஆள். அந்த நேரத்துக்கு வண்டி வந்ததை நல்லம்பள்ளி வட்டாரத்திலேயே பார்த்தவர் கிடையாது. முன்னெல்லாம் கேனை இறக்கி வைத்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். யாரோ பாலில் தண்ணீர் ஊற்றிய தகராறுக்குப் பிறகு, வண்டி வந்ததும் எல்லோர் கண்ணெதிரிலும்தான் ஊற்ற வேண்டும் என்று முடிவானது. அன்றிலிருந்து பெண்கள் சாயங்காலம் புங்க மரத்தடியில் கேனைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தண்ணீர் ஊற்றியது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.

அந்தக் காத்திருப்பில்தான் ரோசம்மா அத்தை ஜோசியம் சொல்லத் தொடங்கினார்.

அத்தைக்கு ஊர் பென்னாகரம் பக்கம். ஐந்தாவது வரை படித்தவர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இரண்டு மாடு, கொஞ்சம் சாமந்திக் காடு, ஞாயிற்றுக்கிழமை பூசை, ஒரே மகள் சில்வியா. சில்வியாக்கா பெங்களூரில் கம்பெனி வேலைக்குப் போய், கூடத் தங்கியிருந்த பெண்ணிடம் டாரட் ஜோசியம் பார்க்கக் கற்றுக்கொண்டு, ஒரு லீவில் சீட்டுக் கட்டோடு வந்தது. எங்கள் ஊரில் அதற்குப் பொம்மைச் சீட்டு என்று பெயர். அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து அம்மாவுக்கும் சொல்லிக் கொடுத்தது.

"ஒத்தைச் சீட்டுல ஒண்ணும் இல்லம்மா. ஒத்தைச் சீட்டு சும்மா படம். ரெண்டைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு, அதுங்களுக்கு நடுவுல என்னா நடக்குதுன்னு பாக்கணும். அங்கதான் கதையே இருக்குது."

அந்தச் சீட்டுக் கட்டில் ஒரு ராணி இருந்தாள். சிம்மாசனத்தில் வலது பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பாள். ஒரு கையில் ஓங்கிய கத்தி. இன்னொரு கை முன்னால் நீண்டிருக்கும். "இது நான்மா" என்றது சில்வியாக்கா. "கத்தி வெச்சிருக்கா, ஆனா இந்தக் கையைப் பாரு. வா வான்னு கூப்புடுது."

திங்கட்கிழமை பஸ் ஏறிப் போனது. அடுத்து வந்தது மாலையும் கழுத்துமாக ஒரு போட்டோ. பக்கத்தில் நவநீதன். ஏரியூர்ப் பையன், வேறு ஆட்கள், வேறு சாமி. ரிஜிஸ்டர் ஆபீசில் முடித்திருந்தார்கள்.

அத்தையின் வீட்டுக்காரர் பெரியநாயகம் மாமா கோயிலில் வாசகம் படிப்பவர். மைக் தேவைப்படாத குரல். அந்தக் குரலில் அன்று ஒரு சத்தம் வரவில்லை. மறுநாள் வேட்டியை வெளுத்துக் கட்டிக்கொண்டு தாலுகா ஆபீஸ் போய், வரிசையில் நின்று, ரேஷன் கார்டிலிருந்து மகள் பெயரை எடுத்துவிட்டு வந்தார். தலை முழுகியதாக நினைப்பு. அந்தப் பெயர் நீக்கிய தாள் இருந்தால்தான் சில்வியாக்காவுக்குப் புதுக் கார்டே கிடைக்கும் என்பது பாவம் அவருக்குத் தெரியாது. மகளுக்குக் கல்யாணத்தில் அவர் செய்த ஒரே சீர் அதுதான்.

அத்தையையும் அவர் விடவில்லை. வளர்த்த லட்சணம் என்று ஒருதரம் சொன்னார், அதோடு நேர்ப் பேச்சை நிறுத்திக்கொண்டார். சொல்ல வேண்டியதையெல்லாம் செவலை மாட்டிடம் சொல்வார். "தண்ணி காட்டணும்னு யாருக்காச்சும் தோணுதா பாரு." "சட்டைக்குப் பட்டன் போயி ஒரு வாரமாச்சு." மாடு அசைபோடும். அத்தை பட்டன் தைப்பார். எங்கள் ஊரில் அதிகம் கேட்டறிந்த ஜீவன் அந்தச் செவலைதான்.

சில்வியாக்காவின் சுடிதார்களுக்கு அடியில் சீட்டுக் கட்டு கிடந்தது. மறந்து போயிருக்கும் என்றார்கள் எல்லோரும். தனக்காக விட்டுப் போயிருக்கிறது என்றார் அத்தை. ஒருநாள் அதை மடியில் கட்டிக்கொண்டு சொசைட்டிக்கு வந்துவிட்டார்.

அவர் பார்க்கும் விதமே தனி. பால் கேன் மூடியைக் கவிழ்த்து வைப்பார். அதில் இரண்டு சீட்டுக்கு மேல் பிடிக்காது. வந்தவர் முதலில் எடுக்கும் சீட்டு இடது பக்கம், அது எடுத்தவருக்கு. இரண்டாவது வலது பக்கம், அது யாரை நினைத்து வந்தார்களோ அவருக்கு. தலைகீழாக வந்தால் நிமிர்த்தி வைத்துவிடுவார். "தலைகீழா சிலுவையில அறைஞ்சதுக்கு ராயப்பர் ஒருத்தரு போதும். நம்ம வேற யாரையும் அப்புடி நிக்க வெக்க வேணாம்." பிறகு இரண்டு படத்திலும் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்ப்பார். ஒன்றையொன்று பார்த்தால், பேச்சு இருக்குது. முதுகைக் காட்டினால், பேச்சு இல்லை. ஒருத்தர் பார்த்து ஒருத்தர் திரும்பியிருந்தால், சீட்டு எடுத்தவர் போய்க் கூப்பிட வேண்டும். சோறு தின்பதை விட்டாலும் விடுவார்களே தவிர, பேச்சு விட்டதை விடாத ஊரில் இதற்கு மேல் யாருக்கும் ஜோசியம் தேவைப்படவில்லை.

சசிகலாக்கா வந்தது. அதன் வீட்டுக்காரர் சென்றாயனுக்கும் அவர் அண்ணனுக்கும் வரப்புத் தகராறு. எடுத்த இரண்டு சீட்டிலும் முதுகும் முதுகும்.

"அத்தை, அத்தை, இதைத் தூக்கி அந்தப் பக்கம் வையேன். மூஞ்சியும் மூஞ்சியும் பாத்துக்கும்ல?"

"அதெப்புடி? மொதல்ல எடுத்தது எடது பக்கம். வந்தது வந்ததுதான்."

"யாரு பாக்கப் போறா?"

"சீட்டைத் திருப்பினா சென்றாயன் திரும்பிடுவானா? ஏண்டி, அவன் கட்டில்ல படுத்தாலே திரும்ப மாட்டானே."

மரத்தடியே சிரித்தது. ஆனால் அத்தை சீட்டை மாற்றவில்லை. யாருக்கும் மாற்றியதில்லை. அதனால்தான் நல்ல வாக்கு வந்த நாளில் பெண்கள் கேனை ஆட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

நாலு வருஷம் இப்படிப் போயிற்று. பால் டெஸ்ட் பார்க்கிற சுகுணாக்காவின் போனுக்குத்தான் சில்வியாக்கா பேசும். ஒருநாள் அத்தை போனைக் காதில் வைத்துக்கொண்டு புங்க மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். சில்வியாக்காவுக்கு ஏழாம் மாசம். நவநீதனுக்குத் தாய் இல்லை. தகப்பன் இருந்தும் பேச்சு இல்லை. முதல் பிரசவம் தாய் வீட்டில் என்பதுதானே வழக்கம், வரட்டுமா என்று கேட்டது.

"இதெல்லாம் கேக்கணுமா கண்ணு?"

"கேக்கணும்மா. அப்பா ஒரு வார்த்தை 'வா'ன்னு சொல்லட்டும். எங்கிட்ட வேணாம், உங்கிட்ட சொன்னாப் போதும். கூப்புடாத வூட்டுல வந்து எப்புடிம்மா வலி எடுத்துப் படுக்கறது?"

ஒரே ஒரு எழுத்து. அதற்காக அத்தை படாத பாடு பட்டார். அவரும் மாட்டிடமே போனார். மாமா வாசலில் சவரம் செய்யும்போது, செவலையின் கழுத்தைத் தடவிக்கொண்டே, "வயித்துப் புள்ளையோட ஒருத்தி கேக்குறா, வரட்டுமான்னு" என்றார்.

மாமா கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "தவுடு தீந்து போச்சு" என்று மாட்டிடம் சொன்னார்.

சரி, நானே பெங்களூர் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று அத்தை செவலையிடம் சொன்னபோது, "பஸ் ஏறுறவங்க திரும்பி வர டிக்கெட் எடுக்க வேணாம்" என்று செவலைக்குப் பதில் வந்தது.

பிறகு புல் அறுக்கும்போது வரப்பில் வழுக்கி அத்தைக்கு மணிக்கட்டு பிசகிவிட்டது. கேன் தூக்க முடியவில்லை. மாமா தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார், அத்தை பின்னால். சொசைட்டிப் பக்கமே வராத மனிதர் புங்க மரத்தடியில் நின்றதும் பெண்கள் சேலையை இழுத்துச் சரிசெய்துகொண்டு கொஞ்ச நேரம் நல்ல பிள்ளைகளாக இருந்தார்கள். கொஞ்ச நேரம்தான்.

"மாமா, ஒரு சீட்டு எடுக்கறது" என்றது சுகுணாக்கா.

மாமா கேட்காத மாதிரி ரோட்டைப் பார்த்தார். வண்டி வரவில்லை.

"கோயில்ல அம்மாம் பெரிய பைபிளைத் தெறந்து படிக்கறீங்க. இத்துனூண்டு அட்டைக்குப் பயமா?"

"பயம் என்னா பயம்?" என்றார் மாமா. மாடு கூட வராததால் மனிதரிடமே பேச வேண்டியதாயிற்று. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, சாத்தான் கடித்துவிடுமோ என்பது போல இரண்டு விரலால் ஒரு சீட்டை உருவினார்.

சாம்பல் போர்வை போர்த்திய ஒரு கிழவர். ஒரு கையில் தடி, ஒரு கையில் லாந்தர். மலை உச்சியில் தனியாக நின்று, இடது பக்கம் தலையைக் குனிந்திருக்கிறார்.

"அய்யோ, அச்சு அசல் மாமாவேதான்!" என்று சசிகலாக்கா கத்த, எல்லோரும் சிரித்தார்கள். மாமாவுக்கே மீசை ஓரம் லேசாக அசைந்தது. அந்த அசைவைப் பார்த்து அத்தையின் முகம் மலர்ந்ததே, அதைத்தான் மறக்க முடியவில்லை. வீங்கிய கையாலேயே அவர் இரண்டாவது சீட்டை எடுத்தார். யாருக்காக என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

கத்தி ராணி.

அத்தை ஒரு மூச்சு இழுத்தார். கட்டு முழுக்க எத்தனையோ சீட்டு இருக்கும்போது அவளே வந்துவிட்டாள். கேன் மூடியின் வலது பக்கம் வைத்தார். வைத்த பிறகுதான் எல்லோரும் பார்த்தோம். இடது பக்கம் நிற்கிற கிழவர் இடது பக்கம் பார்க்கிறார். வலது பக்கம் இருக்கிற ராணி வலது பக்கம் பார்க்கிறாள். முதுகும் முதுகும். ராணியின் நீட்டிய கை கேன் மூடிக்கு வெளியே, காலியிடத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

பேச்சு இல்லை என்று சொல்ல ஜோசியக்காரி தேவையில்லை. சசிகலாக்காவே மண்ணைப் பார்த்தது.

அப்போது ரோசம்மா அத்தை, யாருக்காகவும் செய்யாததைச் செய்தார். இரண்டு சீட்டையும் எடுத்து இடம் மாற்றி வைத்தார். ராணி இந்தப் பக்கம் வந்தாள், கிழவர் அந்தப் பக்கம் போனார். இப்போது அவள் கை நேராக அவர் லாந்தரைப் பார்த்து நீண்டது. லாந்தர் அவள் முகத்துக்கு வெளிச்சம் காட்டியது. இடம் மாறி நின்றார்கள், அவ்வளவுதான்.

"பாருங்க" என்றார் அத்தை. "கொஞ்சம் தள்ளி நின்னா போதும். பாருங்களேன்."

மாமா குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவர் கை நீண்டபோது, ராணியைத் தொடப் போகிறார் என்றே நினைத்தோம். சுகுணாக்கா வாயைப் பொத்திக்கொண்டது. அவர் ராணியை எடுத்து வலது பக்கம் வைத்தார். கிழவரை எடுத்து இடது பக்கம் வைத்தார். ஓரம் வளையாமல் விரலால் நேராக்கினார்.

"மொதல்ல எடுத்தது எடது பக்கம்" என்றார். "வந்தது வந்ததுதான்."

சொசைட்டி வேலிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் பாய்ச்சுகிற மாதிரி நின்று, நாலு வருஷமாக ஒவ்வொரு வாக்கையும் கேட்டிருக்கிறார் மனிதர். அத்தை முகத்தைப் பார்த்து அவர் நேராகச் சொன்ன பேச்சும் அந்த நாலு வருஷத்தில் அது ஒன்றுதான்.

ரெண்டு நாள் கழித்துச் சில்வியாக்கா பேசியது. அத்தை இந்தமுறை மரத்தைச் சுற்றவில்லை, உட்கார்ந்துவிட்டார்.

"அப்பா என்னாம்மா சொன்னாரு?"

"இங்க தண்ணி கஷ்டம் கண்ணு. கரண்டு வேற நிக்க மாட்டேங்குது. பச்சப் புள்ளைய வெச்சிக்கினு நீ அல்லாடுவ. அங்கயே நல்ல ஆஸ்பத்திரியா பாத்துக்கோ."

"சரிம்மா, தண்ணி கஷ்டம்னா என்னா பண்றது" என்றது சில்வியாக்கா. எங்கள் ஊரில் அந்த வருஷம் ஏரி நிரம்பி வழிந்து கோடி போனது. அது செய்தியில் வந்திருக்கும். சில்வியாக்காவும் பார்த்திருக்கும்.

அதற்குப் பிறகும் அத்தை சீட்டுப் பார்த்தார். முதுகும் முதுகும் வந்தால், "மாத்தி வையேன் அத்தை" என்பார்கள். மாற்றி வைப்பார். கேட்காதவர்களுக்கும் மாற்றி வைத்தார். எல்லோருக்கும் பேச்சு இருந்தது, எல்லோரும் திரும்பி வந்தார்கள், சென்றாயனும் அண்ணனும் மூடிமேல் கட்டிப் பிடித்துக்கொள்ளாத குறை. நல்ல வாக்கு வாங்கிக்கொண்டு சசிகலாக்கா மெதுவாகத்தான் நடந்து போனது. யாரும் கேனை ஆட்டவில்லை. மெல்ல மெல்லச் சீட்டு எடுக்கவே ஆள் வரவில்லை. போன் பார்த்துக்கொண்டு வண்டிக்குக் காத்திருந்தார்கள்.

பையன் பிறந்தான். சுகுணாக்காவின் போனுக்குப் போட்டோ வந்தது. அத்தை கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். பெங்களூர்த் துணியில் சுற்றிய ஒரு சின்ன முகம்.

"எந்தப் பக்கம் பாக்குது?" என்று கேட்டார்.

"கண்ணை மூடிக்கினு தூங்குறான் அத்தை" என்றது சுகுணாக்கா.

அத்தை மடியை அவிழ்த்து லாந்தர் தாத்தாவைத் தேடி எடுத்தார். கேன் மூடியைக் கவிழ்த்து, இடது பக்கம் அவரை வைத்து, வலது பக்கம் போனை வைத்துப் பார்த்தார். பிறகு போனை இடது பக்கம் வைத்துப் பார்த்தார். தாத்தா குனிந்தே இருந்தார். குழந்தை தூங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் அணைந்து கறுத்தது. சுகுணாக்கா எட்டி ஒரு தட்டுத் தட்டி எரிய வைத்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி அணைந்தது.

ரோட்டில் வண்டி ஹாரன் கேட்டது. பெண்கள் எழுந்தார்கள். அத்தை போனைத் திருப்பிக் கொடுத்தார், சீட்டை மடியில் போட்டார். பாலில் தூசி விழுகிறது என்று யாரோ சொல்ல, மூடியை எடுத்துக் கேனை மூடினார்.