ஹஜ்ஜுக்குப் போகும் வழியில் ஆவூர்

இந்த வருடம் என் மாமியாரும் கணவரும் ஹஜ்ஜுக்குப் போகிறார்கள். நான் போகவில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும், எங்கள் வீட்டில் அந்த யாராவது எப்போதும் நான்தான். மக்காவைப் பற்றி எழுதக் கொடுத்து வைக்கவில்லை. மக்காவுக்கு முன்னால் மாமியோடு போய்வந்த ஒருநாள் பயணத்தையாவது எழுதி வைக்கிறேன். அடுத்த வருடம் ஹஜ்ஜுக்குப் போகிற யாருக்காவது உதவும்.

ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர்கள் அதற்கு முன் சொந்தபந்தம், அக்கம்பக்கம் எல்லோர் வீட்டுக்கும் போய்ப் பயணம் சொல்லி வருவது எங்கள் பக்கத்து வழக்கம். தெரிந்தும் தெரியாமலும் நான் செய்த தப்பைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பார்கள். பொறுத்தோம், நீங்களும் எங்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று பதில் வரும். ஒரு மனிதனுக்குச் செய்த தப்பை அந்த மனிதன் பொறுக்காவிட்டால் இறைவனும் பொறுக்க மாட்டான் என்பது நம்பிக்கை. அதனால்தான் விமானம் ஏறுவதற்கு முன் இவ்வளவு அலைச்சல்.

திருச்சியில் இருப்பவர்களை மாமி இரண்டு வாரத்தில் முடித்துவிட்டார். பாக்கி இருந்தது புதுக்கோட்டை மாவட்டம். அதில் கீரனூரில் ஒரு சிநேகிதி, ஆவூரில் மாமியின் ஒரே தம்பி. இந்தத் தம்பியைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. முப்பது வருடங்களுக்கு முன் ஆவூர் டீச்சர் ஒருவரைக் கட்டிக்கொண்டு கிறிஸ்தவராக மாறிப் போனவர். எட்டு வருடங்களுக்கு முன் அவர்களுடைய அம்மா இறந்ததிலிருந்து பேச்சுவார்த்தை சுத்தமாக அறுந்துபோனது. போனில் சொன்னால் போதாதா என்று என் கணவர் கேட்டார். "அவன் வாயால பொறுத்தேன்னு சொல்லாம நான் பிளேன் ஏறமாட்டேன்" என்று மாமி சொல்லிவிட்டார். கணவருக்கு அலுவலகம். ஆகவே நான்.

ஒரு சனிக்கிழமை காலை ஆறரைக்கு வாடகைக் காரில் கிளம்பினோம். டிரைவர் பேட்டா சேர்த்து மூவாயிரத்து அறுநூறு ரூபாய். டிரைவர் முருகேசன் கீரனூர்க்காரர், அந்தப் பக்கத்துச் சந்துபொந்தெல்லாம் தெரிந்தவர். கீரனூரில் சிநேகிதி வீட்டு வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. கேட்டார், பொறுத்தார்கள், இட்லி போட்டார்கள். இப்படியே போனால் மத்தியானத்துக்குள் வீட்டுக்கு வந்து ஒரு தூக்கம் போடலாம் என்று கணக்குப் போட்டேன்.

காரில் ஏறியதும் மாமி மனசில் இருந்ததைச் சொன்னார். பொறுத்தேன் என்று தம்பி சொல்லிவிட்டால், அந்தச் சூட்டோடு திரும்ப நம்ம மார்க்கத்துக்கே வந்துவிடு என்றும் கேட்டுப் பார்க்கப் போகிறாராம். அது வேண்டாமே மாமி என்றேன். ஜன்னல் கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

கீரனூரிலிருந்து மேற்கே உள்ளடங்கிய சாலை, சுமார் அரை மணி நேரம். ஆவூர் வந்ததைப் பெரிய கோயில்தான் முதலில் சொல்லும். பழைய மாதா கோயில், ஊரைவிடப் பெரியது. முருகேசன் டீக்கடையில் நிறுத்தி, மாமி சொன்னபடி தம்பியின் பழைய பெயரில், சாகுல் அமீது வீடு எது என்று கேட்டார். இந்த ஊரில் அப்படி யாருமில்லையே என்றார்கள். அடுத்த தெருவில் கேட்டோம், அங்கும் இல்லை. கிறிஸ்தவ ஊருக்குள் சாகுல் அமீதைத் தேடிக்கொண்டு கார் மூன்று சுற்று வந்தது. தேவாலயத்துக்கு எதிரில் மாதா படம் விற்கிற அம்மாள் எங்களைப் பார்த்துச் சிரிக்கவே ஆரம்பித்துவிட்டார். மாமி வேறு பக்கம் பார்த்துக்கொண்டே, "அந்தோணிச்சாமின்னு கேளுங்க" என்றார்.

முப்பது வருடமாக அவருக்கு அந்தப் பெயர் தெரியும். எனக்கு வந்த கோபத்தை மென்று முழுங்கினேன். "எலெக்ட்ரீஷியன் அந்தோணியா? இங்கிட்டுத் திரும்பி மூணாவது வீடு" என்று அந்த அம்மாள் உடனே கை காட்டினார்.

அந்தோணி மாமாவின் மனைவி எங்களைப் பார்த்ததும் ஒரு நொடி திகைத்தார். பிறகு "வாங்க அண்ணி" என்று மாமியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். பணியாரத்தை வைத்துவிட்டு, நல்லெண்ணெயில் சுட்டது, யோசிக்காமல் சாப்பிடலாம் என்று அவராகவே சொன்னார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. இத்தனை வருடம் கழித்து வந்தவர்களுக்கு மார்க்கப்படி என்ன ஆகும், என்ன ஆகாது என்று யோசித்துத் தட்டு வைக்கிறார்.

மாமா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்கி வந்தார். அச்சு அசல் மாமியின் முகம். மாமி எழுந்து நின்று, எல்லா வீட்டிலும் கேட்டதைக் கேட்டார்.

"என்ன தப்புக்கா? சொல்லுங்க, பொறுக்குறேன்."

"எல்லாத்துக்கும்தான்."

"எல்லாத்துக்கும்னா நான் எதைப் பொறுக்குறது?"

குரலில் சண்டை இல்லை. பொறுத்தேன் என்று சொன்னால் அடுத்து நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும், அதைக் கேட்காதீர்கள் என்றும் சொன்னார். மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஹஜ் பயணமே அந்தக் கூடத்தில் நின்றுபோன மாதிரி இருந்தது. எனக்கு மௌனம் ஒத்துவராது. வாய்க்கு வந்ததைக் கேட்டேன்: மாமா, உங்க அம்மாவை அடக்கின கபரைப் பார்த்திருக்கீங்களா?

பார்த்ததில்லை. அம்மா இறந்தது அவருக்கு நான்காம் நாள்தான் தெரிந்திருக்கிறது, அதுவும் கீரனூர் பஸ் ஸ்டாண்டில் யாரோ தெரிந்தவர் துக்கம் விசாரித்தபோது. மதம் மாறியவனுக்குச் சொல்லக்கூடாது என்று ஜமாத்தில் தடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டாராம். அம்மாவின் ஊர் எல்லைவரை போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறார். மாமி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். காரில் இடம் இருக்கிறது, இப்போதே போகலாம் என்றேன். எல்லோரையும்விட எனக்குத்தான் ஆச்சரியம், மாமா சட்டை மாற்றப் போனார்.

மாமியின் பிறந்த ஊர் திருமயத்துக்கு ஐந்து கிலோமீட்டர் உள்ளே. ஆவூரிலிருந்து கீரனூர், புதுக்கோட்டை வழியாக இரண்டு மணி நேரம் ஆனது. திருமயத்துக்கு முன்னால் சாலையோரத் தர்கா ஒன்றில் முருகேசன் அனுமதி கேட்டு நிறுத்தினார். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது வேண்டிக்கொண்டாராம். சர்க்கரை வாங்கி உள்ளே கொடுத்து, ஓதித் தந்ததை எங்களுக்கும் நீட்டினார். தர்கா வழிபாடு கூடாது என்று என் கணவர் வீட்டில் பெரிய பிரசங்கமே செய்வார். மாமி ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "அவன்கிட்டச் சொல்லாத" என்றார். மாமாவும் எடுத்துக்கொண்டார்.

கபர்ஸ்தானுக்கு மாமியின் நெற்றி உயரத்துக்குச் சுவர். வாசலில் பெண்களுக்கு அனுமதி இல்லை என்று பெயிண்டில் எழுதியிருந்தது. அம்மா போய் எட்டு வருடம், மாமியும் அந்தக் கபரைப் பார்த்ததில்லை. மார்க்கத்தை விட்டுப் போனவர் உள்ளே போகலாம், ஐந்து வேளை தொழுகிற மகள் போகக்கூடாது. சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. கருத்துப் பெட்டியில் இதற்கு என்னோடு சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும், வாருங்கள்.

"நான் போலாமாக்கா?" என்று வாசலில் நின்று கேட்டார் மாமா.

"போ. வேப்பமரத்துக்கு மேக்கால, சுவரோரமா ரெண்டாவது கல்லுன்னு சொன்னாங்க."

அவர் உள்ளே நடக்க, மாமி சுவருக்கு வெளியே முள்ளை விலக்கிக்கொண்டு அவரோடு கூடவே நடந்தார். கபர் சுவரை ஒட்டியே இருந்தது. மாமி எக்கிப் பார்த்தார். உயரம் போதவில்லை, கல்லின் தலை மட்டும்தான் தெரிந்திருக்கும். நான் கொண்டுபோன தண்ணீர் பாட்டிலைச் சுவர்மேல் வைத்தோம். மாமா எடுத்து மண்ணில் ஊற்றினார். மாமி வெளியே நின்று ஓதி முடிக்கும்வரை அவர் தேவாலயத்தில் நிற்கிற மாதிரி கைகோத்து நின்றார்.

"தம்பி, ஜமாத்துல யாரும் தடுக்கல" என்றார் மாமி. "ஒனக்குச் சொல்லி அனுப்பணும்னுதான் அவங்க சொன்னாங்க. நாந்தான் வேண்டாம்னேன். நீ சிலுவையைப் போட்டுக்கிட்டு வந்து நின்னா நாலு பேரு என்ன சொல்வாங்களோன்னு பயந்தேன். அம்மா மொகத்தை நீ பாக்காமப் போனது என்னாலதான்."

பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரையும் அவர் ஊற்றுவது மட்டும் கேட்டது. பிறகு நொண்டி நொண்டி வாசலுக்கு வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"பொறுத்தேங்கா" என்றார். கொஞ்சம் நின்று, பதிலுக்குச் சொல்ல வேண்டியதையும் சொன்னார். "நீங்களும் என்னையப் பொறுத்துக்கங்க."

இதற்குத்தான் மாமி காத்துக்கொண்டிருந்தார், மார்க்கத்துக்குத் திரும்பி வரச்சொல்லிக் கேட்டுவிடப் போகிறார் என்று நினைத்தேன். மாமி முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் பொறுக்குற மாதிரி நீ எனக்கு ஒண்ணும் செய்யலையே. நீ போனது ஒனக்கும் அல்லாவுக்கும் உள்ளது."

மறப்பதற்குள் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். திருச்சி - புதுக்கோட்டை பஸ்கள் கீரனூரில் நிற்கும், ஆவூருக்கு அங்கிருந்து ஆட்டோ பேசிக்கொள்ளலாம், ஆனால் வயசானவர்களோடு போனால் கார்தான் சரி. மத்தியானச் சாப்பாட்டைப் புதுக்கோட்டையிலேயே முடித்துவிடுங்கள். திருமயம் கோட்டைக்குக் காலையில் ஏறுங்கள், வெயிலில் பாறை சுடும். நாங்கள் ஏறவில்லை, கீழேயிருந்து பார்த்ததோடு சரி. கபர்ஸ்தானில் குழாய் கிடையாது, தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். பயணம் சொல்லப் போகிற வீடுகளில் கஷ்டமான வீட்டைக் கடைசிக்கு வைக்காதீர்கள். அங்கே பொதுவாகக் கேட்டால் நடக்காது, நேரம் பிடிக்கும். விரும்பிய மதத்தில் இருக்கச் சட்டம் விடுகிறது. வீட்டுக்குள் அதை விடவேண்டியவர்கள் நாம்தான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

மாமாவைக் காரிலேயே ஆவூரில் விடுகிறோம் என்று எவ்வளவோ சொன்னோம். கேட்கவில்லை, திருமயம் பஸ் ஸ்டாண்டில் இறங்கிக்கொண்டார். புதுக்கோட்டை பஸ் வந்து நின்றது. மக்காவில் ஏதாவது கேட்க வேண்டுமா என்று மாமி விசாரித்தார். எல்லோரும் அவரிடம் வீடு, வேலை, கல்யாணம் என்று பெரிய பெரிய வேண்டுதலாகத்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"மொழங்கால் வலிதான்க்கா. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார் மாமா, படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு.

"கேக்குறேன்" என்றார் மாமி. "அந்தோணிச்சாமிக்கு மொழங்கால் வலி தீரணும்னு, பேரைச் சொல்லியே கேக்குறேன்."